சாய்தளம் கட்டியாச்சு, நாற்காலி ஏறலையே!

கேள்வி: எங்கள் வகுப்புத் தோழி சக்கர நாற்காலியில் வருகிறாள். நாங்கள் கேட்டதால் பள்ளியில் சாய்தளம் கட்டினார்கள். ஆனால், இரண்டு பேர் தள்ளினாலும் ஏற மாட்டேன் என்கிறது. இறங்கும்போது பயமாக இருக்கிறது. மறுபடி கேட்டால், “அதான் கட்டிக் கொடுத்தாச்சே” என்கிறார்கள். என்ன செய்வது?
- பதினோராம் வகுப்பு மாணவிகள், தேனி மாவட்டம்

பதில்: அளந்துகொண்டு போய்க் கேளுங்கள். “செங்குத்தா இருக்கு சார்” என்றால் காதோடு போய்விடும். எண்ணைச் சொன்னால் பதில் சொல்லியாக வேண்டும்.

ஓர் அடி உயரம் ஏற, பன்னிரண்டு அடி நீளச் சரிவு வேண்டும். தலா 15 செ.மீ. உயரத்தில் மூன்று படி என்றால் மொத்தம் 45 செ.மீ. அதற்குச் சரிவு 540 செ.மீ., கிட்டத்தட்ட 18 அடி. படி இருந்த இடத்திலேயே ஆறேழு அடிக்குள் சிமென்ட் பூசி முடித்திருந்தால் எப்படி ஏறும்? நேராக நீட்ட இடமில்லை என்றால் சுவரை ஒட்டித் திருப்பலாம். திருப்பத்தில் ஒன்றரை மீட்டர் சமதளம் விட வேண்டும். வாசலுக்கு முன்னாலும் அப்படியே. இல்லாவிட்டால் கதவைத் திறக்கச் சக்கரத்திலிருந்து கையை எடுத்ததுமே நாற்காலி பின்னால் உருளும்.

அகலம் 120 செ.மீ. இருக்கட்டும். இரு பக்கமும் கைப்பிடி, சக்கரம் நழுவாமலிருக்க ஓரத்தில் சிறு விளிம்பு. வழவழ டைல்ஸ் வேண்டவே வேண்டாம்.

டேப்பை எடுத்த கையோடு கழிப்பறை வரை போய்விடுங்கள். அங்கே ஒரு படி இருந்தாலும் போதும், அந்தப் பிள்ளை காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே உட்கார்ந்திருக்கும். யாரிடமும் சொல்லாது. கதவின் திறப்பு 90 செ.மீ. வேண்டும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால், உட்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும்.

மனு ஒரே பக்கம் போதும். தலைமை ஆசிரியருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும். இருக்கும் அளவு, இருக்க வேண்டிய அளவு, இரண்டு புகைப்படம். ‘பாவம்’, ‘கருணை’ எல்லாம் எழுதாதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 16-ஐக் குறிப்பிடுங்கள்: அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகளில் கட்டடமும் வளாகமும் அவர்கள் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்கிறது. நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள். அசையவில்லை என்றால், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்குப் பெற்றோர் மூலம் புகார் அனுப்பலாம்.

இத்தனைக்கும் முன்னால் தோழியிடம் கேட்டீர்களா? அவள் சம்மதம் இல்லாமல் மனு வேண்டாம். படத்தில் சாய்தளம் தெரிந்தால் போதும், அவள் முகம் எதற்கு?

கேள்வி: டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கு, மாணவர்களின் கண்ணைக் கட்டி நடக்க வைக்கலாம் என்று திட்டம். சரியா?
- ஒன்பதாம் வகுப்பு மாணவன், கடலூர்

பதில்: வேண்டாம் தம்பி. பத்து நிமிடம் கண்ணைக் கட்டினால் பயம்தான் மிஞ்சும். வெண்கோலோடு பல வருடம் பழகியவரின் லாகவம் அதில் புரியாது. அவர்களையே பேச அழையுங்கள். பார்வையற்றவரை மேடைக்குக் கூட்டிப்போகும்போது கையைப் பிடித்து இழுக்காமல் உங்கள் முழங்கையைக் கொடுங்கள். பிடித்துக்கொண்டு அரையடி பின்னால் வருவார். சைகைமொழி பெயர்ப்பாளரை, பேசுபவருக்குப் பக்கத்தில், முகத்தில் வெளிச்சம் விழும்படி நிறுத்துங்கள். மைக் ஸ்டாண்டை உட்கார்ந்து பேசும் உயரத்துக்கு முதல் நாளே இறக்கிப் பாருங்கள். துருப்பிடித்த ஸ்டாண்டு கடைசி நேரத்தில் இறங்காது.