வழக்கு புனேயில், மருமகன் சென்னையில்: முன்ஜாமீன் எங்கே கேட்பது?

கேள்வி: என் மூத்த மகள் கலியாணம் கட்டி சென்னை வளசரவாக்கத்தில் இருக்கிறாள். மருமகன் அந்த ஊர்க்காரர். ஏசி உதிரிப்பாகங்கள் வாங்கி விற்கும் தொழில். புனேயில் இருக்கும் பழைய தொழில் பங்காளி, தன் பணத்தை ஏமாற்றிவிட்டார் என்று அங்கே எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கிறாராம். புனே பொலிஸ் அனுப்பியது என்று மருமகனின் வாட்ஸ்அப்புக்கு ஒரு கடிதமும் வந்திருக்கிறது. அங்கே போனால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்று மகள் அழுகிறாள். சென்னையிலேயே சத்தமில்லாமல் முன்ஜாமீன் எடுக்க முடியாதா? இல்லையென்றால் கொஞ்ச நாளைக்கு இரண்டு பேரையும் இங்கே கூப்பிட்டு வைத்திருக்கவா? நம்முடைய கோர்ட்டில் ஏதாவது மனு போடலாமா? (மருமகனுக்குப் போன மாதம்தான் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள்.)
— ஒரு தாய், உவர்மலை, திருகோணமலை

பதில்: அம்மா, இங்கே கூப்பிடும் யோசனையை முதலில் விடுங்கள். தேடப்படுபவர் என்று குடிவரவுக்கு அறிவிப்புப் போயிருந்தால் மீனம்பாக்கம் விமான நிலையத்திலேயே நிறுத்துவார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறப் போனாலும் அதே கடவுச்சீட்டுச் சோதனைதான். தப்பித்தவறி வந்து சேர்ந்துவிட்டால் இன்னும் மோசம். நாளைக்கு எந்த நீதிமன்றத்தில் முன்ஜாமீன் கேட்டாலும், ‘இவர் நாட்டை விட்டே ஓடியவர்’ என்று அரசு வக்கீல் எழுந்து நின்று சொல்வதற்கு நாமே வசதி செய்து கொடுத்த மாதிரி ஆகிவிடும். திருகோணமலை நீதிமன்றத்துக்கும் இந்த வழக்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அடுத்தது அந்த வாட்ஸ்அப் கடிதம். பொலிஸ் முத்திரை போட்ட பி.டி.எஃப். அனுப்பிக் காசு பறிக்கும் கூட்டம் இந்தியாவில் நிறைய. அதனால் எஃப்.ஐ.ஆர். உண்மையில் இருக்கிறதா என்று பாருங்கள். பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற விவகாரங்கள் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் பொலிஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டது. மகாராஷ்டிர பொலிஸ் தளத்தில் மருமகனே தேடலாம். கிடைக்காவிட்டால் புனேயில் ஒரு வக்கீலைப் பிடித்து நகல் எடுக்கச் சொல்லுங்கள். கடிதத்தில் இருக்கும் எண்ணுக்கு யாரும் பேச வேண்டாம். ஒரு சதம்கூட அனுப்ப வேண்டாம்.

எஃப்.ஐ.ஆர். உண்மைதான் என்று வையுங்கள். பங்காளிப் பணத்தகராறு என்றால் பெரும்பாலும் மோசடி, நம்பிக்கை மோசடி என்ற பிரிவுகளைத்தான் போடுவார்கள். புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் மோசடிக்கு 318(4). உச்சபட்சம் 7 வருடம். 7 வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது, முதலில் ஆஜராகும்படி அறிவித்தல் கொடுக்க வேண்டும், கைதுதான் வேண்டும் என்றால் அதற்கான காரணத்தை எழுதி வைக்க வேண்டும் என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த அறிவித்தலை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது முறையான சேர்ப்பித்தல் ஆகாது என்று 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே மகள் பயப்படும் அளவுக்கு நிலைமை இல்லை. அதற்காகக் கடிதத்தை அழித்துவிட்டுச் சும்மா இருந்துவிடவும் கூடாது.

சரி, முன்ஜாமீனுக்கு வருவோம். முழு முன்ஜாமீனைப் புனே செஷன்ஸ் நீதிமன்றமோ மும்பை உயர் நீதிமன்றமோதான் கொடுக்கலாம். ஆனால் அங்கே போய்ச் சேரும் வரைக்கும் ஒரு குறுகிய காலப் பாதுகாப்பை மருமகன் சென்னையிலேயே கேட்கலாம். ‘டிரான்சிட் முன்ஜாமீன்’ என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான். சட்டப் புத்தகத்தில் இப்படி ஒரு பெயரே கிடையாது. நீதிமன்றங்கள் நடைமுறையில் கொண்டுவந்தது. 2021 பெப்ரவரியில் டெல்லி பொலிஸ் பதிந்த ஒரு வழக்கில், மும்பையில் இருந்த ஒரு பெண் வக்கீலுக்கு மும்பை உயர் நீதிமன்றம் 3 வாரம் கொடுத்தது. அதே வழக்கில் இன்னொருவருக்கு அவுரங்காபாத் கிளை கொடுத்தது 10 நாள். இப்படிக் கொடுக்க அதிகாரம் உண்டா இல்லையா என்று உயர் நீதிமன்றங்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தன. 2023 நவம்பர் 20இல் பிரியா இந்தோரியா வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது: உயர் நீதிமன்றமும் கொடுக்கலாம், செஷன்ஸ் நீதிமன்றமும் கொடுக்கலாம்.

ஆனால் கேட்டவருக்கெல்லாம் கிடைத்துவிடாது. ‘சத்தமில்லாமல்’ என்று எழுதியிருக்கிறீர்கள், அது நடக்காது. முதல் விசாரணை நாளிலேயே புனே விசாரணை அதிகாரிக்கும் அங்குள்ள அரசு வக்கீலுக்கும் நோட்டீஸ் போகும். அவசரம் என்று பட்டால், அதற்கிடையில் நீதிபதி தற்காலிகப் பாதுகாப்புக் கொடுக்கலாம். அடுத்து, மருமகன் உண்மையிலேயே சென்னையில் வாழ்பவர், தொழில் செய்பவர் என்று காட்ட வேண்டும். முன்ஜாமீனுக்காகவே ஓர் ஊருக்குப் போய் அறை எடுத்துத் தங்குபவர்களுக்கு இது கிடையாது. வாடகை ஒப்பந்தம், ஆதார், ஜி.எஸ்.டி. பதிவு எல்லாம் எடுத்து வைக்கட்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், உடனே புனே நீதிமன்றத்துக்கு ஏன் போக முடியவில்லை என்பதற்கு ஏற்கத்தக்க காரணம். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து, அநியாயமாகப் பிடித்து வைப்பார்கள் என்ற நியாயமான பயம், உடல்நிலை ஆகியவற்றைத் தீர்ப்பே சொல்கிறது. நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்ட ஸ்டென்ட் விஷயம்தான் அம்மா உங்கள் மருமகனின் மனுவுக்கே முதுகெலும்பு. டிஸ்சார்ஜ் சுருக்கம், ஆஞ்சியோ ரிப்போர்ட், ‘நீண்ட பயணம் கூடாது’ என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம் மூன்றும் கையில் இருக்க வேண்டும்.

கிடைத்த பிறகு அதை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. நாள் ஓடும். சென்னை மனு போடும் அன்றைக்கே புனே வக்கீலுக்கு வக்காலத்துப் போய்ச் சேர வேண்டும், அங்கே போட வேண்டிய மனுவும் தயாராக இருக்க வேண்டும். இந்த மனுக்களுக்கு இப்போது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 438ஆம் பிரிவு இல்லை. 2024 ஜூலை 1 முதல் பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய நடைமுறைச் சட்டத்தின் 482ஆம் பிரிவு. பழைய சட்டத்தில் 482 என்றால் வேறு மனு. குழப்பிக்கொள்ளும் வக்கீல்களும் உண்டு என்பதால் சொல்கிறேன்.

நம் நாட்டிலும் இப்படி உண்டா என்று வேறு சிலரும் கேட்டிருந்தார்கள். கிண்ணியா மீன் வியாபாரி ஒருவர் மேல் தம்புள்ளையில் காசுத் தகராறில் முறைப்பாடு. திருகோணமலையிலேயே முன்பிணை எடுத்துத் தாருங்கள் என்று என்னிடம் வந்து நின்றார். 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், 21ஆம் பிரிவு: குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் இடத்துக்குரிய நீதவானிடம்தான் மனு, அந்த இடத்துப் பொலிஸ் பொறுப்பதிகாரிக்குத்தான் அறிவித்தல். கூடவே ஏன் கைதுக்குப் பயப்படுகிறார் என்று விளக்கும் சத்தியக்கடதாசி. இடைவழிப் பாதுகாப்பு என்று அதில் ஒன்றும் எழுதியில்லை. தம்புள்ளைக்கே போங்கள் என்று அனுப்பி வைத்தேன். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் வரும் குற்றங்களுக்கு அந்த வழியும் இல்லை.

மகளுக்குக் காசு அனுப்புவதென்றால் வங்கி வழியாகவே அனுப்புங்கள், உண்டியல் (ஹவாலா) வேண்டாம். எஃப்.ஐ.ஆர். நகல் கிடைத்ததும் அதில் என்னென்ன பிரிவுகள் போட்டிருக்கிறார்கள் என்பதை எழுதி அனுப்புங்கள். 7 வருடத்துக்கு மேல் தண்டனை உள்ள பிரிவு ஏதாவது சேர்ந்திருந்தால் மேலே அறிவித்தல் பற்றிச் சொன்னது பொருந்தாது.