மனு இருக்கும் பென் டிரைவிலேயே மென்பொருளும் இருக்கலாமா?

கேள்வி: கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கிறேன். அக்கம்பக்கத்தாருக்குத் தமிழில் மனு எழுதிக் கொடுக்கிறேன். வீட்டில் பழைய லேப்டாப் உண்டு, பிரிண்டர் இல்லை. சித்தூரிலோ பொள்ளாச்சியிலோ கடையில் கொடுத்தால் எழுத்தெல்லாம் ஆங்கிலக் குப்பையாக வருகிறது. அங்கேயே திருத்தலாமென்றால் தேவையான மென்பொருள் இருப்பதில்லை. இன்ஸ்டால் செய்யப் போனால் பாஸ்வேர்ட் கேட்கிறது. மென்பொருளைப் பென் டிரைவிலேயே வைத்து ஓட்டலாம் என்கிறார்களே, நம்பலாமா? மகளின் பள்ளிக் கணினியிலும் ஓடுமா?

பதில்: தாராளமாக நம்பலாம். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டத்திலேயே, தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுத இடம் இருக்கிறது. அந்த உரிமை ஒரு ஃபான்ட் கோளாறில் கடை வாசலோடு நின்றுவிடக் கூடாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் எழுத்துப் பிரச்சினை. உங்கள் மனுக்கள் பாமினி மாதிரியான பழைய ஃபான்டில் இருக்கின்றன என்று நினைக்கிறேன். அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். மெய்யெழுத்து வரும் இடமெல்லாம் ஓர் அரைப்புள்ளி (;) நிற்கும். அப்படி இருந்தால் சந்தேகமே வேண்டாம், கோளாறு ஃபான்டில்தான். பென் டிரைவிலிருந்தே ஓடும் 'போர்ட்டபிள்' மென்பொருள் எதுவும் இதற்கு மருந்தில்லை. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துமுறையான யூனிகோடில் எழுதுங்கள், பழைய மனுக்களை ஒருமுறை கன்வெர்ட்டரில் போட்டு மாற்றிவிடுங்கள். விண்டோஸ் 8 முதல் நிர்மலா என்ற யூனிகோட் ஃபான்ட் கூடவே வருவதால், எந்தக் கடையிலும் தமிழ் தமிழாகவே தெரியும்.

வெறும் பிரிண்டுக்குத்தான் போகிறீர்கள் என்றால் வீட்டிலேயே பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள், போதும். அதில் ஃபான்டும் உள்ளேயே பதிந்துவிடும்; வரி நகராது, பக்கம் உடையாது. ஆனால் கடைக்குப் போன பிறகுதான் சர்வே நம்பரில் ஓர் எண் தப்பியது கண்ணில் படும். போர்ட்டபிள் மென்பொருள் கைகொடுப்பது அந்த நேரத்தில்தான்.

சாதாரண மென்பொருள் தன் அமைப்புகளைக் கணினிக்குள் பல இடங்களில் எழுதி வைக்கும். போர்ட்டபிள் வகை எல்லாவற்றையும் தன் ஃபோல்டருக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். பெரும்பாலும் அட்மின் பாஸ்வேர்டும் கேட்காது. போர்ட்டபிள்ஆப்ஸ் தளத்திலிருந்து மனு எழுத லிப்ரே ஆஃபீஸ், இணையம் பார்க்க ஃபயர்ஃபாக்ஸ், கோப்புகளைச் சுருக்கிப் பூட்ட செவன்-ஜிப் மூன்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். மூன்றும் இலவசம். எம்எஸ் ஆஃபீஸ், ஃபோட்டோஷாப் இவற்றுக்கெல்லாம் 'போர்ட்டபிள்' என்று யாராவது கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள். அவை திருட்டுப் பிரதிகள், உள்ளே என்ன ஒட்டிக்கொண்டு வருமென்று யாருக்கும் தெரியாது. சில அலுவலகக் கணினிகளில் வெளியிலிருந்து வரும் மென்பொருளையே தடுத்திருப்பார்கள். அங்கே முயல வேண்டாம், பிடிஎஃப் இருக்கவே இருக்கிறது.

டைப்பிங்குக்குத் தனி மென்பொருள் தேவைப்படாது. 2019ஆம் ஆண்டு அப்டேட்டுக்குப் பிந்தைய விண்டோஸ் 10-இலும் 11-இலும் தமிழ் 99, ஒலிபெயர்ப்பு (ஆங்கில எழுத்தில் ஒலிப்படி தட்டுவது) இரண்டு விசைப்பலகைகளும் உண்டு. செட்டிங்ஸில் மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்துவிட்டு, விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் மாறும். கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சேருங்கள்.

பென் டிரைவ் 32 ஜிபி தாராளம். ஆனால் யூஎஸ்பி 3 வகையாகப் பார்த்து வாங்குங்கள். லிப்ரே ஆஃபீஸ் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளால் ஆனது. மலிவு டிரைவில் அது திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். கணினியிலும் நீல நிறத் துளை இருந்தால் அதில் செருகுங்கள், பெரும்பாலும் அதுதான் வேகமானது. வேலை முடிந்ததும் மென்பொருளை மூடி, எஜெக்ட் கொடுத்த பிறகே உருவுங்கள். பாதியில் பிடுங்கினால் மனு மட்டுமல்ல, மென்பொருளே திறக்காமல் போகலாம்.

அப்புறம் வைரஸ். பொள்ளாச்சியில் ஒரு கடையில் என் டிரைவைச் செருகி எடுத்து வீட்டுக்கு வந்து பார்த்தால், ஃபோல்டர் இருந்த இடத்திலெல்லாம் ஷார்ட்கட்கள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. உண்மையில் ஃபோல்டர்கள் எங்கும் போகவில்லை, வைரஸ் அவற்றை மறைத்து வைத்திருந்தது. உங்களுக்கு அப்படி ஆனால் எந்த ஷார்ட்கட்டையும் தொடாதீர்கள். வீட்டு லேப்டாப்பில் இருக்கும் செவன்-ஜிப்பைத் திறந்து அதன் வழியாக டிரைவைப் பாருங்கள். மறைந்த ஃபோல்டர்களையும் அது காட்டும். மனுக்களை மட்டும் லேப்டாப்புக்குக் காப்பி செய்துவிட்டு டிரைவை ஃபார்மேட் செய்யுங்கள். மென்பொருளைப் புதிதாக இறக்கிக்கொள்ளலாம். மனுக்களின் அசல் எப்போதும் வீட்டில் இருக்கட்டும், டிரைவில் போவது நகல்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உங்கள் டிரைவில் இருப்பது அடுத்தவர்களின் ஆதார் எண், பட்டா விவரம். செவன்-ஜிப்பில் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டி எடுத்துப்போங்கள். டிரைவ் பஸ்ஸில் விழுந்தாலும் எடுத்தவரால் திறக்க முடியாது. பூட்டுவதற்கு வெராகிரிப்ட்டைப் பலர் பரிந்துரைப்பார்கள், நல்ல மென்பொருள்தான். ஆனால் அது ஓட அட்மின் அனுமதி வேண்டும், கடையில் கிடைக்காது. போர்ட்டபிள் ஃபயர்ஃபாக்ஸில் கடவுச்சொல் எதையும் சேமிக்காதீர்கள். கடைக் கணினியில் நீங்கள் தட்டும் விசைகளைப் பதிவு செய்யும் மென்பொருள் இருந்தால் ஃபயர்ஃபாக்ஸ் எங்கிருந்து ஓடினாலும் காப்பாற்றாது. அதனால் வங்கி வேலை அங்கே வேண்டவே வேண்டாம்.

மகளின் பள்ளிக்கு வருவோம். கேரள அரசுப் பள்ளிகளில் இருப்பது விண்டோஸ் அல்ல, கைட் குனு/லினக்ஸ் என்ற வேறு இயங்குதளம். விண்டோஸுக்கான போர்ட்டபிள் மென்பொருள் அதில் ஓடாது. ஆனால் லிப்ரே ஆஃபீஸ் அதிலேயே இருக்கும் என்பதால் அதன் சொந்த வடிவமான ஓடிடி (.odt) வடிவில் சேமித்த கோப்பை மட்டும் கொடுத்தனுப்பினால் போதும். சேமிக்கும்போது 'பண்புகள்' பகுதியில் ஃபான்டை ஆவணத்தோடு பதிக்கும் வசதியை டிக் செய்துவிடுங்கள். வீட்டில் நீங்கள் தேர்ந்த அதே எழுத்தில் அங்கேயும் திறக்கும்.