முதல் சிறுகதை அச்சில் வந்துவிட்டது. யாரும் படித்த மாதிரி தெரியவில்லை. கிராமத்தில் இருக்கிறேன், இலக்கிய வட்டமும் இல்லை. வாசகர்கள் எப்படிக் கிடைப்பார்கள்?

எனக்கு முதல் வாசகி கிடைத்தது வசவோடு.

2014-ல், பீடி சுற்றும் ஒரு பெண்ணைப் பற்றிய என் முதல் கதை ஒரு சிற்றிதழில் வந்தது. சொந்த ஊர் முக்கூடல். தாமிரபரணிக் கரை, வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிற ஊர். அந்த இதழ் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரே ஒரு கடையில் கிடைக்கும், அதுவும் ஐந்து பிரதி. வேலை முடிந்து பஸ் ஏறுமுன் எத்தனை விற்றிருக்கிறது என்று எட்டிப் பார்ப்பேன். ஐந்தும் இருக்கும். ராசிபலன் புத்தகங்களுக்கு அடியில் கிடப்பதை எடுத்து மேலே வைத்துவிட்டு வருவேன். நாலாம் நாள் கடைக்கார அண்ணாச்சி, "தம்பி, தெனமும் எண்ணிட்டு எண்ணிட்டுப் போறியளே, ஒண்ணு வாங்கப்படாதா?" என்றார். வெட்கத்தில் இரண்டு வாங்கினேன். ஆக மொத்த விற்பனை இரண்டு.

சிநேகிதர்களுக்கு வாட்ஸப்பில் படம் பிடித்து அனுப்பினேன். கும்பிடு வந்தது, 'வாழ்த்துகள்' வந்தது. கதை எதைப் பற்றி என்று ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள் இப்போது இந்த இடத்தில்தான் இருக்கிறீர்கள் போல.

அப்புறம் நடந்தது நான் ஏற்பாடு செய்ததல்ல. வீட்டில் கிடந்த பிரதியை மாமா மகள் எடுத்துப் போய், மத்தியானம் வளவுக்குள் பீடி சுற்ற உட்கார்ந்திருந்தவர்களுக்கு வாசித்திருக்கிறாள். கைக்குத்தானே வேலை, காது சும்மாதான் இருக்கும். சாயங்காலம் நான் வாசலில் கால் வைக்குமுன் பக்கத்து வீட்டு ஆச்சி பிடித்துக்கொண்டாள்.

"ஏல, காஞ்ச எலைய எடுத்து அப்படியே வெட்டுனாள்னு எழுதிருக்கியே, நொறுங்கிப் போவாதா? ஒங்கம்ம சுத்துன பீடியிலதானல நீ காலேசுக்குப் போன?"

சரியான அடி. இலையை முந்தின நாளே தண்ணீரில் நனைத்து, வடியவிட்டு, ஈரச் சாக்கில் பொதிந்து வைப்பார்கள். பதம் வந்த பிறகுதான் அளவுத் தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்டுவது. இருபது வருடம் அந்தச் சாக்கைத் தாண்டித்தான் அடுக்களைக்குப் போய்ச் சோறு தின்றேன். எழுதும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை. (இதழாசிரியர் அதே பத்தியைத்தான் 'நுணுக்கமான சித்திரிப்பு' என்று பாராட்டி எழுதியிருந்தார்.) உள்ளேயிருந்து இன்னொரு குரல்: "மத்தியானத்துக்குள்ள ஒத்தையா ஆயிரம் சுத்திட்டாளாம்லா! அவளுக்குக் கையா, மிஷினா?" 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு ஆயிரம். விடியலில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கிற வரைக்கும் இழுக்கும்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அவமானம் பாதி, ஒவ்வொரு வரியையும் கேட்டிருக்கிறார்களே என்ற சந்தோஷம் மீதி.

பிறகு அந்தப் பிரதி தன்னால் நடக்க ஆரம்பித்தது. பாப்பாக்குடியில் கட்டிக்கொடுத்த ஒருத்தி கொண்டுபோனாள், அங்கிருந்து கடையத்துக்குப் போனது. இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது அட்டை இல்லை. நடு மடிப்பில் பீடித்தூள். என் கதை இருக்கும் பக்கத்தில் அடையாளத்துக்கு வெட்டிப்போட்ட இலைத்துண்டு. இன்னும் வைத்திருக்கிறேன்.

கிராமத்தில் இருக்கிறேன், இலக்கிய வட்டம் இல்லை என்கிறீர்கள். கோவில்பட்டி பக்கத்து இடைசெவலும் சின்ன ஊர்தான். இரண்டு பெரிய எழுத்தாளர்களின் சொந்த ஊர். கு. அழகிரிசாமிக்கு 1970-லும், கி. ராஜநாராயணனுக்கு 1991-லும் சாகித்திய அகாதெமி விருது அந்த ஒரே ஊருக்குப் போனது. 1986-ல் தூத்துக்குடி மாவட்டத்தைப் பிரிக்கும்வரை அதுவும் நம்ம திருநெல்வேலிதான். சின்ன வயதிலிருந்தே சிநேகிதர்களான அந்த இரண்டு பேருக்கும் பேச ஓர் ஆள் பக்கத்திலேயே இருந்தது. உங்களுக்கும் அப்படி ஓர் ஆள் எங்கோ இருக்கும், ஆனால் அவர் எழுத்தாளராக இருக்கவேண்டியதில்லை. உங்கள் கதை யாருடைய பிழைப்பைப் பற்றியதோ அவர்கள் கையில் தாளாகவே கொடுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள். இணைப்பு அனுப்புவதெல்லாம் அதற்குப் பிறகு.

கடைசியாக ஒன்று. என் கதை, அம்மா பேரிலுள்ள பாஸ்புக்கில் பீடி சுற்றும் ஒரு பெண்ணைப் பற்றியது. பாஸ்புக் என்றால், வாங்குகிற இலை, தூளையும் கொடுக்கிற பீடியையும் குறிக்கும் கணக்குப் புத்தகம்; அதில் பேர் இருப்பவர்தான் கணக்கில் தொழிலாளி. பீடி, சுருட்டுத் தொழிலாளருக்கென்று 1966-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் ஒரு பாஸ்புக்கை வைத்து இரண்டு மூன்று பேர் சுற்றுவது எங்கள் பக்கம் சகஜம். அம்மா செத்துப்போகிறாள். மகள் அந்தப் பாஸ்புக்கோடு பீடிக்கடை வாசலில் நிற்பதோடு கதையை முடித்திருந்தேன். அந்த முடிவில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

கதைக்குக் கீழே போட்டிருந்த நம்பரைப் பார்த்துக் கடையத்திலிருந்து ஒரு அக்கா கூப்பிட்டார். பேர் சொல்லவில்லை. "தம்பி, அந்தப் புள்ளைக்கு அவ பேர்ல பாஸ்புக் போட்டுக் குடுத்தாங்களா?"

வாசகர் யோசனைக்கு விட்டிருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. "குடுத்துட்டாங்கக்கா" என்றேன்.

"நல்லாருக்கட்டும்" என்று வைத்துவிட்டார்.