பாறை ஏறுதலின் வரலாற்றில் உங்களை மிகவும் கவர்ந்த ஏற்றம் எது?

பலரும் அலெக்ஸ் ஹானால்டு பெயரைச் சொல்வார்கள். 2017 ஜூனில் எல் கேப்பிட்டனில் கயிறே இல்லாமல் ஏறியவர். மறுக்க முடியாத சாதனைதான். ஆனால் அதே பாறையில் லின் ஹில் என்ற பெண் செய்ததைத்தான் நான் அதற்கும் மேலே வைப்பேன்.

கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் சுமார் 3000 அடி செங்குத்தாக நிற்கிறது எல் கேப்பிட்டன். அதன் நடுவே மூக்குத்தண்டு போலப் புடைத்திருக்கும் விளிம்புக்கு 'நோஸ்' என்றே பெயர். வாரன் ஹார்டிங் 1957இல் அதில் ஏறத் தொடங்கினார். விட்டுவிட்டு மொத்தம் 45 நாள் ஏறி, 1958 நவம்பர் 12 அன்று வேய்ன் மெர்ரி, ஜார்ஜ் விட்மோர் இருவரோடு உச்சிக்கு வந்தார். அகலமான ஒரு விரிசலுக்குத் தோதான ஆணி இல்லாததால், கழித்துப்போட்ட அடுப்பின் கால்களையே ஆணியாக அடித்து ஏறினார்கள். கடைசி இரவு முழுக்க ஹார்டிங் சுத்தியலால் துளை போட்டு போல்ட் அடித்துக்கொண்டே இருந்தார். அப்புறம் 1960இல் ஏழு நாள், 1975இல் ஒரே நாள் என்று நேரம் குறைந்தது.

இவர்கள் எல்லோருமே கடினமான இடங்களில் ஆணியையும் போல்ட்டையும் பிடித்துத் தொங்கித்தான் ஏறினார்கள். ஃப்ரீ க்ளைம்பிங்கில் அது கூடாது. கயிறு உண்டு, ஆனால் விழுந்தால் தாங்க மட்டும். ஏறுவது கையும் காலும்தான். நோஸில் அப்படி ஏற முயன்ற ஒருவராலும் 1993 வரை முழுதாக முடிக்க முடியவில்லை.

லின் ஹில்லின் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். சிறு வயதில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகியவர். 1989இல் பிரான்சில், இடுப்புப் பட்டையில் கயிற்று முடிச்சை முழுதாகப் போடாமலே ஏறிவிட்டு, 70 அடிக்கு மேல் விழுந்தார். மரக்கிளைகளில் மோதி விழுந்ததால் உயிர் தப்பினார்; முழங்கை மூட்டு விலகியிருந்தது. சில மாதங்களில் மறுபடி போட்டிகளில் ஏறினார். பயிற்சிச் சுவரில் ஏறும் எனக்கு, இதைப் படித்த நாளிலிருந்து, கூட வருபவர் என் முடிச்சைப் பார்த்துச் சொல்லாமல் கால் தரையை விட்டு எழுவதில்லை.

1993இல் புரூக் சண்டால் துணையோடு நான்கு நாளில் நோஸ் முழுவதையும் ஃப்ரீயாக ஏறினார் லின். 'கிரேட் ரூஃப்' என்ற இடத்தில் விரல் நுனி மட்டுமே நுழையும் விரிசல். "சின்ன விரல், அதனால் முடிந்தது" என்று அப்போதே சிலர் சொன்னார்கள். சரி, அந்த இடத்துக்கு அது உதவியிருக்கலாம். அதற்கும் மேலே 'சேஞ்சிங் கார்னர்ஸ்' இருக்கிறதே! பிடிக்க ஏதுமில்லாத மூலை. கை, முழங்கை, இடுப்பு, பாதம் என எல்லாவற்றையும் எதிரெதிராக அழுத்தி, உடம்பையே முறுக்கித் திருப்பித்தான் அதைக் கடந்தார். அங்கே விரல் அளவு என்ன செய்யும்?

அடுத்த வருடமே திரும்பி வந்து, அதே நோஸை 23 மணி நேரத்தில் ஃப்ரீயாக ஏறி முடித்தார். ஒரே நாளுக்குள் அதை ஃப்ரீயாக முடித்த இரண்டாவது ஆள் டாமி கால்டுவெல். அது நடந்தது 2005இல், பதினோரு வருடம் கழித்து.