ஆடிஷனுக்கு எந்தப் பாட்டு? நியூ ஜெர்சித் தாயார் ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

பதினோராம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகளின் பள்ளியில் ‘ஓக்லஹோமா!’ இசை நாடகத்தை அரங்கேற்றப்போகிறார்கள் என்றும், ஆடிஷனுக்கு இன்னும் மூன்று வாரங்களே இருக்கின்றன என்றும், எந்தப் பாட்டைப் பாடுவது என்பதில் வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது என்றும் எழுதியிருந்தீர்கள். மகள் ‘விக்கெட்’ நாடகத்தில் இடைவேளைக்கு முன் வரும் உச்சப் பாட்டைப் பாடியே தீருவேன் என்கிறாள். நீங்களோ ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’கில் குழந்தைகளுக்கு ஸ்வரம் சொல்லிக்கொடுக்கும் பாட்டே பாதுகாப்பானது என்கிறீர்கள். இரண்டுமே வேண்டாம் என்பது என் கருத்து. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

நம் பிள்ளைகள் இங்கே வளரும்போது அவர்களுக்கு முதலில் பழக்கமாகும் மேடை கர்நாடக இசைப் போட்டி மேடைதான். அங்கே கடினமான கீர்த்தனையை எடுத்து, கல்பனாஸ்வரத்தில் கணக்கைக் காட்டி, தன்னிடம் உள்ள வித்தை முழுவதையும் இறக்கிவைப்பதே முறை. இசை நாடக ஆடிஷனில் நடப்பது வேறு. முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் யார் நன்றாகப் பாடுகிறார் என்று மதிப்பெண் போடுவதைவிட, கதாநாயகி லாரி யார், ஏடோ ஆனி யார், ஆன்ட் எல்லர் யார், கோரஸில் எந்த வரிசையில் யார் நிற்பார் என்று நாடகத்தின் பாத்திரங்களுக்கு மனத்துக்குள் ஆட்களைப் பொருத்திக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த வேலையைச் சுலபமாக்கும் பாட்டே நல்ல பாட்டு.

‘ஓக்லஹோமா!’ 1943 மார்ச் 31 அன்று நியூயார்க்கின் செயின்ட் ஜேம்ஸ் அரங்கில் தொடங்கி 2,212 முறை நடந்தது. ரிச்சர்ட் ராட்ஜர்ஸும் ஆஸ்கார் ஹேமர்ஸ்டீனும் சேர்ந்து படைத்த முதல் நாடகம் அது. திரை விலகியதும் கும்மாளமாக ஆடும் பெண்களை எதிர்பார்த்திருந்தவர்களுக்கு, முற்றத்தில் ஒரு வயதான பெண்மணி தன்னந்தனியாக உட்கார்ந்து வெண்ணெய் கடைந்துகொண்டிருந்த காட்சிதான் கிடைத்தது. மேடைக்கு வெளியிலிருந்து துணை வாத்தியம் இல்லாமல் ஓர் ஆண் குரல் காலைப் பொழுதைப் பாடிக்கொண்டு வந்தது. இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த இருவர் கூட்டணியில் பெரும்பாலும் வரிகள் முதலில் எழுதப்பட்டன, மெட்டு பிறகு வந்தது. ஆகவே பேச்சு எங்கே முடிந்தது, பாட்டு எங்கே தொடங்கியது என்று தெரியாதபடி பாடுவதே இந்தப் பாணியின் உயிர். ‘விக்கெட்’ 2003இல் வந்த நாடகம்; அறுபது ஆண்டு இடைவெளி. அது ஒலிபெருக்கியை நம்பி, பாப் இசையின் அழுத்தத்தோடு பாடப்படுவது. அதை உங்கள் மகள் எவ்வளவு திறமையாகப் பாடினாலும், 1943ஆம் ஆண்டு நாடகத்தின் கிராமத்துப் பெண்ணாக இவள் எப்படி ஒலிப்பாள் என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்காது. நீங்கள் சொல்லும் ஸ்வரப் பாட்டு அதே இருவர் 1959இல் தந்ததுதான், பாணியில் பிழை இல்லை. ஆனால் அது பாடம் நடத்தும் பாட்டு. பாடுகிறவளுக்கு அதில் ஆசையோ தயக்கமோ கிடையாது, நடிக்க இடமில்லை.

அறிவிப்பை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். நாடகத்திலுள்ள பாட்டையே பாடச் சொல்லியிருந்தால் அதைத்தான் பாட வேண்டும், விவாதமே இல்லை. அப்படிச் சொல்லாதபோது, அதே காலத்து வேறொரு நாடகத்திலிருந்து, அவள் விரும்பும் பாத்திரத்துக்கு உறவான பாட்டைத் தேர்வது பொதுவான நடைமுறை.

இனி அவளுடைய குரலுக்கு வருகிறேன், ஏனெனில் தேர்வின் கடினமான பகுதி இதுவே. எட்டு ஆண்டுகளாக ஐந்து கட்டையில் பாடிவருகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பியானோவின் நடு ‘சி’க்குக் கீழே உள்ள ‘ஜி’ அவளுடைய ஷட்ஜம். மேல் ஸ்தாயிப் பஞ்சமம் வரை திறந்த குரலில் தாராளமாகப் போவாள். லாரி போன்ற பாத்திரங்கள் எழுதப்பட்ட சொப்ரானோ (உயர்ந்த பெண்குரல்) வரம்பு பெரும்பாலும் அதற்கு மேலேதான் உயிர்பெறுகிறது. ‘மை ஃபேர் லேடி’யில் எலைசா இரவெல்லாம் ஆடியிருப்பேன் என்று பாடி முடிக்கும் அந்த உச்ச ‘ஜி’, உங்கள் மகளின் மேல் ஷட்ஜத்துக்கும் ஒரு முழு ஸ்தாயி மேலே இருக்கிறது. அங்கே தலைக்குரல், அதாவது தொண்டையைத் திறந்து முழங்காமல் மெலிதாக எழும் மேல் குரல், இல்லாமல் போக முடியாது. நம் ஆசிரியர்கள் அதைத்தான் ‘கள்ளத்தொண்டை’ என்று சொல்லி, வந்த இடத்திலேயே திட்டி அடக்கிவைத்திருப்பார்கள். அவர்கள் மரபில் அது சரி; இந்த மரபில் அந்தக் கள்ளத்தொண்டைதான் கதாநாயகி.

மூன்று வாரத்தில் அதைப் புதிதாக வளர்த்துக்கொள்ள முடியாது. ஆகவே அவளால் அந்த உயரத்தில் வலிந்து கத்தாமல் மெல்லப் பாட முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முடிகிறதென்றால் ‘தி மியூசிக் மேன்’ நாடகத்தில் அயோவா மாநிலத்து நூலகர் மேரியன் மாலை நட்சத்திரத்தைப் பார்த்து, இன்னும் சந்திக்காத ஒருவருக்கு இரவு வணக்கம் சொல்லும் ‘குட்நைட், மை சம்ஒன்’ பொருத்தமாக இருக்கும். 1957ஆம் ஆண்டுப் பாட்டு, ஆரவாரம் இல்லாதது, மென்மையாகப் பாட வேண்டியிருப்பதால் தலைக்குரலின் தரம் தானே தெரிந்துவிடும். (இதே மெட்டுதான் அந்த நாடகத்தில் எழுபத்தாறு டிராம்போன்களைப் பற்றிய அணிவகுப்புப் பாட்டாகவும் நடை மாறி வருகிறது. அவளுடைய பாட்டு ஆசிரியரிடம் சொல்லிப் பாருங்கள், ரசிப்பார்.)

முடியவில்லையென்றால் வருந்த வேண்டாம். என் ஊகம், அவள் ஏடோ ஆனிக்கே ஏற்றவள். யாருக்கும் மறுப்புச் சொல்லத் தெரியாத அந்த வெகுளிப் பெண்ணின் பாத்திரத்துக்கு அழகான உச்ச ஸ்வரத்தைவிட திறந்து ஒலிக்கும் நெஞ்சுக்குரலும், நகைச்சுவையைச் சரியான கணத்தில் சொல்லும் திறனும் முக்கியம். அதற்கு ‘ஆனி கெட் யுவர் கன்’ நாடகத்தில் ‘யூ கான்ட் கெட் எ மேன் வித் எ கன்’ பாட்டை எடுக்கலாம். இர்விங் பெர்லின் 1946இல் எத்தல் மெர்மன் என்ற திறந்த தொண்டைப் பாடகிக்காக எழுதியது. அந்த நாடகத்தைத் தயாரித்தவர்களே ராட்ஜர்ஸும் ஹேமர்ஸ்டீனும்தான். துப்பாக்கி சுடுவதில் கெட்டிக்காரியான ஒருத்தி, அந்தத் திறமையால் ஒரு மாப்பிள்ளைகூடச் சிக்கவில்லையே என்று அலுத்துக்கொள்கிறாள். வீட்டில் பெரியவர்கள் முகம் சுளித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அதே நாடகத்தில் அமெரிக்கப் பூர்வகுடிகளைக் கேலிசெய்வதாகக் கருதப்பட்டு 1999ஆம் ஆண்டு மறு அரங்கேற்றத்தில் நீக்கப்பட்ட ஒரு பாட்டும் உண்டு. தலைப்பில் ‘இந்தியன்’ என்று இருப்பதைப் பார்த்து அவள் வேடிக்கையாக அதை எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதினாறு ‘பார்’ (மேற்கத்திய இசையில் தாளத்தின் ஒரு கூறு) மட்டும் பாடச் சொல்லியிருப்பதைக் கண்டு பயந்திருக்கிறீர்கள். நான்கு அடி கொண்ட பார் பதினாறு என்றால் அறுபத்து நான்கு அடி, அதாவது ஆதி தாளத்தில் எட்டே ஆவர்த்தனம்; நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் அரை நிமிடம் ஓடும். அக்காலத்துப் பாட்டுகள் பலவற்றின் பல்லவிப் பகுதி முப்பத்திரண்டு பார் கொண்டது: ஒரு மெட்டு இரண்டு முறை வரும், பிறகு மாறுபட்ட நடுப்பகுதி, மறுபடியும் முதல் மெட்டு. நடுப்பகுதியிலிருந்து கடைசிவரை எடுத்தால் சரியாகப் பதினாறு வரும். உணர்ச்சி ஏறி முடியும் பகுதியும் அதுவே. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவியிடம், தொடக்கம் அழகாக இருக்கிறதே, அதையே பாடு என்று சொன்னேன். பாட்டு எங்கும் போகுமுன் நேரம் முடிந்து, நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிழை முழுக்க என்னுடையது.

ஒத்திகையில் இரண்டு பழக்கங்களைக் கவனியுங்கள். ‘நைட்’ என்ற சொல்லில் ஸ்வரத்தை நீட்டும்போது அவளை அறியாமல் கமகம் வரும். ஸ்வரம் முதலில் அசையாமல் நிற்க வேண்டும், அதிர்வு கடைசியில் வந்தால் போதும். அடுத்து, சொல்லின் இறுதியில் நாம் சேர்த்துவிடும் உகரம். ‘நைட்டு’ என்று முடிந்தால் மேரியன் அயோவாவிலிருந்து ஆவடிக்கு வந்துவிடுவாள்.

பியானோ வாசிப்பவர் நம் பக்கவாத்தியக்காரரைப் போல உடன் தொடர்ந்து வருபவரல்லர். தாளில் இருப்பதை வாசிப்பவர். அந்த இடத்தில் சுருதியைக் குறைக்கச் சொல்வது முறையாகாது. தாள்களைப் பளபளக்காத உறையில், இருபுறமும் பக்கம் தெரியும்படி கோப்பில் போட்டு, தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் பென்சிலால் தெளிவாகக் குறித்துக் கொடுக்கட்டும். வேகத்தைச் சொல்ல விரலைச் சொடுக்காமல், ஒரு வரியை அவர் காதருகே மெல்லப் பாடிக் காட்டட்டும்.

நம் நிறத்துக்கு இந்த நாடகத்தில் பாரசீக வியாபாரி வேடம்தானே மிஞ்சும் என்று கேட்டிருந்தீர்கள். 2019இல் பிராட்வேயில் நடந்த மறு அரங்கேற்றத்தில் லாரியாக நடித்தவர் ரெபெக்கா நவோமி ஜோன்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி; ஏடோ ஆனியாகச் சக்கர நாற்காலியிலிருந்தே நடித்த அலி ஸ்ட்ரோக்கர் பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருது பெற்றார். பள்ளி அந்த அளவுக்கு யோசிக்குமா என்பது வேறு கேள்வி, ஆனால் தேர்வுக்கு முன்பே நீங்கள் அவளுக்காகத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

இதுவே தொழிலாகுமா என்ற கவலைக்கு இப்போது சுருக்கமாகவே சொல்கிறேன். நடிப்பு தொடர்ச்சியான வருமானத்துக்கு உறுதி தராத தொழில்தான். இசை நாடகப் பட்டப்படிப்புக்கு அவள் விண்ணப்பித்தால், பல கல்லூரிகள் முதலில் காணொளிப் பதிவு கேட்கும். மாறுபட்ட இரு பாட்டுகளில் ஒன்று இந்தப் பழைய காலத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்றும் பல இடங்களில் சொல்வார்கள். இப்போது ஒழுங்காகக் கற்கும் பாட்டு அப்போதும் உதவும். ‘விக்கெட்’ பாட்டையும் தூக்கி எறிய வேண்டாம், இரண்டாவது பாட்டுக்கு அது வயதுக்கேற்றபடி வளரட்டும்.

இந்த வாரம் அவளை இரு பாட்டுகளின் வரிகளையும் மெட்டில்லாமல், சமையலறையில் உங்களிடம் பேசுவதுபோல் சொல்லச் சொல்லுங்கள். பிறகு இரண்டையும் பாடவைத்து, கைப்பேசியைப் பத்தடி தள்ளி வைத்துப் பதிவு செய்து, பள்ளியின் அறிவிப்பு நகலோடு ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புங்கள். கேட்டுவிட்டு எது என்று அன்று மாலையே சொல்கிறேன்.