முதல் சக்கிமுக்கித் துப்பாக்கி: பணத்தை எந்த உறுப்பில் போடுவது?

கேள்வி: பென்சில்வேனியாவில் ஹாரிஸ்பர்க் நகருக்கு அருகே பத்து ஆண்டுகளாக வசிக்கிறேன். மாநில வேட்டை உரிமம் வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் சக்கிமுக்கித் துப்பாக்கிப் பருவத்தில் மான் வேட்டைக்கு வருமாறு அலுவலக நண்பர்கள் அழைக்கிறார்கள். மருந்து, குண்டு முதலிய எல்லாவற்றையும் சேர்த்து 800 டாலருக்கு மேல் என்னால் செலவிட இயலாது. குறி தவறாத ரைஃபிளாக எதை வாங்கலாம்? பித்தளை வேலைப்பாடு மிகுந்த ஒன்றைக் கடையில் பார்த்து வைத்திருக்கிறேன். விற்பனையாளரோ, எதை எடுத்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான் என்கிறார்.

பதில்: ஒன்றல்ல. பித்தளையை முதலில் மறந்துவிடுங்கள், அது குண்டை ஓர் அங்குலம்கூட நேராகச் செலுத்தாது. இவ்வகைத் துப்பாக்கியில் காசு கொடுத்து வாங்கத்தக்க உறுப்புகள் இரண்டு. ஒன்று, பக்கவாட்டில் பொருத்தப்பட்டு நெருப்பை உண்டாக்கும் லாக். மற்றொன்று குழல். இவை நன்றாக இருந்து, குழலைத் தாங்கும் மரக்கட்டையில் கீறல் விழுந்திருந்தாலும் வாங்கலாம். இவை சுமாராக இருந்தால், கட்டை கண்ணாடிபோல் மின்னினாலும் கடையிலேயே விட்டுவிட்டு வருவது நல்லது.

லாக் செய்யும் வேலையைத் தெரிந்துகொண்டால் அதைச் சோதிப்பது எளிது. விசையை இழுத்ததும், சக்கிமுக்கிக் கல்லைத் தாடையில் கவ்விய குதிரை, அதாவது சுத்திபோன்ற உறுப்பு, முன்னோக்கிப் பாய்ந்து, ஃப்ரிஸன் எனப்படும் எஃகுத் தகட்டின் முகத்தைச் சீவுகிறது. பறக்கும் பொறி கல்லிலிருந்து வருவதில்லை. கல் சீவியெடுத்த எஃகுத் துகள்தான் சூடேறி எரிகிறது. தகடு முன்னோக்கிச் சாயும்போது அடியிலுள்ள சிறு கிண்ணம் திறக்க, பொறி அதிலுள்ள ரஞ்சகத்தில், அதாவது பற்றவைக்கும் பொடிமருந்தில் விழுகிறது. அந்தச் சுவாலை பற்றுவாய்த் துளை வழியாகக் குழலுக்குள் சென்று உள்மருந்தைக் கொளுத்துகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி தளர்ந்தாலும் கிண்ணத்தில் புகை மட்டும் எழும்பும், மான் திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

ஆகவே கடையில் துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, உரிமையாளரின் அனுமதியுடன், நல்ல கல்லொன்றைத் தோல்துண்டில் சுற்றித் தாடையில் இறுக்கி, வெளிச்சம் குறைந்த மூலையில் நின்று பத்து முறை இயக்கிப் பாருங்கள். பொறிகள் பருத்து, வெண்மஞ்சளாக, சுரீரென்ற ஓசையுடன் கிண்ணத்தின் நடுவில் விழ வேண்டும். சிவந்த மெல்லிய பொறிகள் இரண்டு மூன்று தோன்றிப் பாதியிலேயே அணைந்தால் தகட்டின் முகம் மென்மையாக இருக்கிறது என்று பொருள். (கல்லில்லாத லாக்கைச் சோதிக்க நேர்ந்தால் தாடையில் சிறு மரத்துண்டைக் கவ்வவிடுங்கள், வெறுமனே அடித்தால் உறுப்புகள் சேதமாகும்.) குதிரையைப் பாதி நிலையில் நிறுத்தி விசையை அழுத்தினால் அது அசையவே கூடாது. பற்றுவாய் கிண்ணத்தின் மேல்விளிம்பை ஒட்டிய மட்டத்தில் இருக்க வேண்டும். கிண்ணத்தின் அடிமட்டத்துக்குத் தாழ்ந்திருந்தால் ரஞ்சகம் துளையை அடைத்துக்கொண்டு திரிபோல் மெல்ல எரியும். குண்டு புறப்படத் தாமதமாகும், அதற்குள் உங்கள் கை அசைந்திருக்கும்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். என் முதல் துப்பாக்கியைப் பழம்பொருள் சந்தையொன்றில், சுடுவதற்கு முற்றிலும் ஏற்றது என்ற வாய்ச்சொல்லை நம்பி வாங்கினேன். பத்து முறை இழுத்தால் நான்கு முறைதான் வெடித்தது. தகட்டை மறுபடி கடினப்படுத்திக் கொடுத்த துப்பாக்கிக் கம்மியர், அது என்றைக்குமே சரியாகக் கடினப்படுத்தப்படவில்லை என்று சொன்னதோடு, நான் வாங்கிய விலையில் மூன்றிலொரு பங்கைக் கூலியாகவும் பெற்றுக்கொண்டார்.

அடுத்தது குழல். பென்சில்வேனியாவில் 1974இல் தொடங்கிய இந்தப் பருவத்துக்கு .44 அல்லது அதற்கு மேற்பட்ட காலிபர் (அங்குலத்தில் குழலின் உள்விட்டம்) வேண்டும், பற்றவைப்பது சக்கிமுக்கியாக மட்டுமே இருக்க வேண்டும். .45 சட்டப்படி செல்லும், உதைப்பும் குறைவு. ஆனால் அதன் .440 அங்குல ஈயக் குண்டு ஏறத்தாழ 128 கிரெயின் எடைதான். .50 காலிபரின் .490 அங்குலக் குண்டு 177 கிரெயின், அதாவது பதினொன்றரை கிராம். மானுக்கு இதுவே மனநிறைவான அளவு. குண்டும் எல்லாக் கடைகளிலும் கிடைக்கும்.

காலிபரைவிட முக்கியமானது, குழலுக்குள் வெட்டப்பட்ட திருகு வரியின் வேகம். 1:48 என்றால் 48 அங்குல நீளத்தில் குண்டு ஒரு சுற்று சுழலும்; 1:66 என்றால் 66 அங்குலத்தில் ஒரு சுற்று. துணியில் பொதிந்து இறக்கப்படும் உருண்டைக் குண்டுக்கு மெதுவான சுழற்சியே போதும், வரிகளும் சற்று ஆழமாக இருப்பது நல்லது. நீள் தோட்டாக்களுக்காக 1:28 என்ற வேகத்தில் வெட்டிய குழலில் உருண்டைக் குண்டைப் போட்டுக் கூடுதல் மருந்திட்டால், துணி வரியைப் பிடிக்காமல் வழுக்கிவிடும், குறியும் சிதறும். 1:48 இரண்டுக்கும் நடுவே செய்துகொண்ட சமரசம். மிதமான மருந்துடன் அது உருண்டைக் குண்டையும் ஒழுங்காகவே செலுத்தும். உருண்டைக் குண்டுதான் போடப்போகிறீர்கள் என்றால் 1:60க்கும் 1:70க்கும் இடைப்பட்ட குழலைத் தேடுங்கள்.

பெயர் சொல்லிக் கேட்டிருப்பதால் சொல்கிறேன். புதிதாக வாங்குவதில் மலிவானது டிரெடிஷன்ஸ் நிறுவனத்தின் டீர்ஹன்டர்: 24 அங்குலக் குழல், 1:48. காட்டுக்குள் தூக்கிச் செல்ல வசதியானது. அதன் லாக் எளிய வகை, கல்லை அடிக்கடி கூராக்க நீங்கள் தயாராக இருக்க வேண்டும். அதே நிறுவனத்தின் கென்டக்கி ரைஃபிளில் 1:66 குழல் வருவதால் உருண்டைக் குண்டுக்கு அது மேல். இத்தாலிய நிறுவனமான பெடர்சோலியின் ரைஃபிள்களும், ஒஹையோவிலுள்ள கிப்ளர் பட்டறையின் நீள்ரைஃபிள் தொகுப்புகளும் லாக்கின் தரத்தில் வேறு உயரத்தில் இருப்பவை. ஆனால் அவற்றின் விலை 1,000 டாலரைத் தாண்டும். கிப்ளர் தொகுப்பு என்றால் பொருத்தி, தேய்த்து, எண்ணெய் பூசும் வேலையும் உங்களுடையதுதான்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் பழைய துப்பாக்கிகள் விற்கும் சந்தைக்குத்தான் போவேன். இத்தாலியில் செய்யப்பட்டு லைமன் பெயரில் விற்ற கிரேட் பிளெய்ன்ஸ் ரைஃபிளின் சக்கிமுக்கி வடிவம், .50 காலிபர், 32 அங்குலக் குழல், 1:60 சுழற்சி. என் முதல் தேர்வு அதுவே. அது கிடைக்காவிட்டால் தாம்ப்சன் சென்டர் நிறுவனத்தின் ஹாக்கன். 1:48 குழல்தான், ஆனால் அதன் லாக் அலுப்புத் தந்தால், அந்த இடத்திலேயே பொருந்தும்படி எல் அண்ட் ஆர் நிறுவனம் செய்யும் மாற்று லாக்கை வாங்கிப் பூட்டிக்கொள்ளலாம். இவ்விரண்டிலும் கட்டையின் பின்முனை பிறைபோல் வளைந்திருக்கும். அதை மார்புக்கருகே தோள்குழியில் வைக்காமல் தோளுக்கு வெளியே மேற்கையில் பொருத்துங்கள். அப்படிச் செய்யாதவர்கள் மறுநாள் அந்த வளைவைத் திட்டுவார்கள். துப்பாக்கிக்கு ஏறத்தாழ 600 டாலர் என்று நிறுத்திக்கொண்டு மிச்சத்தை மருந்துக்கும் பயிற்சிக்கும் ஒதுக்குங்கள்.

கேள்வி: பழைய துப்பாக்கியை வாங்கும்போது குழலுக்குள் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: முதல் வேலை, அது மருந்தேற்றிய நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பது. வேடிக்கையாகச் சொல்லவில்லை; பல ஆண்டுகள் சுவரில் தொங்கிய துப்பாக்கிகளில் பழைய மருந்தும் குண்டும் அப்படியே கிடந்ததுண்டு. குழலின் வாயிலிருந்து முகத்தையும் உடலையும் விலக்கிவைத்துக்கொண்டு, மருந்தை இறுக்கும் நீண்ட கோலை உள்ளே மெதுவாக இறக்கி, வாயின் விளிம்பில் நகத்தால் அடையாளமிடுங்கள். கோலை வெளியே எடுத்து, அதே நீளத்தைக் குழலுக்கு வெளியே வைத்து ஒப்பிடுங்கள். கோலின் நுனி பற்றுவாயை ஏறக்குறைய எட்ட வேண்டும். ஓர் அங்குலமோ அதற்கு மேலோ குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. துப்பாக்கிக் கம்மியர் பார்க்கும்வரை தொடாதீர்கள்.

காலியென்று உறுதியானபின் சிறு விளக்கொன்றை உள்ளே இறக்கிப் பாருங்கள். பிறகு வெள்ளைத் துணியை எண்ணெயில் நனைத்துக் கோலின் முனையில் மாட்டி, அடிவரை செலுத்தி இழுங்கள். துணி ஒரே சீரான இறுக்கத்தில் வர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பிடித்து நூல் பிரிந்தால் அங்கே துரு அரித்த குழி உண்டு. பெரும்பாலும் அது அடிப்பகுதியில்தான் இருக்கும். கருப்பு வெடிமருந்து எரிந்தபின் தங்கும் உப்புகள் காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பவை. சுட்ட அன்றே சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவாத ஒரு மாலைப்பொழுது போதும், துரு தொடங்கிவிடும். கட்டையின் மணிக்கட்டுப் பகுதியை, அதாவது விசைக்குப் பின்னால் கை பிடிக்கும் ஒடுங்கிய இடத்தை, இலேசாக முறுக்கிப் பார்த்து விரிசல் இருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

கேள்வி: துப்பாக்கியை வாங்கிவிட்டேன், ஐம்பது கஜத்தில் குண்டுகள் தட்டளவுக்குச் சிதறுகின்றன. துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: பொறுங்கள். இந்தப் புகாரில் துப்பாக்கி குற்றவாளியாக இருப்பது அரிது.

முதலில் எந்த மருந்து என்று பாருங்கள். பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகள் பற்றுவதற்குக் கூடுதல் சூடு வேண்டும். சக்கிமுக்கியில் அவை நம்பகமாகப் பற்றுவதில்லை. உண்மையான கருப்பு வெடிமருந்தையே பயன்படுத்துங்கள்: உள்ளே மூன்று எஃப் தரம், கிண்ணத்தில் நான்கு எஃப் தரம் (எஃப் கூடக்கூடப் பொடி நுண்மையாகும்). நவீனத் தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகைகூடச் சேர்க்காதீர்கள், குழல் கையிலேயே சிதறும். மருந்தை எப்போதும் அளவுக் குப்பியில் அளந்தே ஊற்றுங்கள். மருந்துக் கொம்பிலிருந்தோ டப்பாவிலிருந்தோ நேரே குழலில் கவிழ்க்கக் கூடாது. தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள உச்ச அளவைத் தாண்டாமல், .50 காலிபருக்கு 60 கிரெயினில் தொடங்கி ஐந்தைந்தாக ஏற்றி, ஒவ்வோர் அளவிலும் ஐந்து குண்டுகள் சுட்டு, எந்த அளவில் அவை நெருங்கி விழுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பவுண்டு என்பது 7,000 கிரெயின் என்பதால், 70 கிரெயின் வீதம் 100 முறை சுடலாம். தபாலில் வரவழைத்தால் அபாயப் பொருளுக்கான கட்டணம் சேரும். ஒரு பவுண்டுக்கு அது கட்டுப்படியாகாது. உள்ளூர்த் துப்பாக்கி சுடும் சங்கத்தில் சேர்ந்து பங்குபோட்டு வாங்குவதே வழக்கம்.

இரண்டாவது, சுட்ட துணியைத் தேடி எடுங்கள். குழலின் வாயிலிருந்து பத்துப் பதினைந்து அடி தொலைவில் அது கிடக்கும். நடுவில் கரிபடிந்து, சுற்றிலும் வரிகளின் தடம் பூப்போல் பதிந்து, கிழியாமல் இருந்தால் குண்டு ஒழுங்காகப் போயிருக்கிறது. பொத்தலாகவோ கருகியோ இருந்தால் துணி மெல்லியது, அல்லது எண்ணெய்ப் பசை போதவில்லை. கத்தியால் அறுத்ததுபோல் இருந்தால் புதிய குழலின் வரிவிளிம்புகள் இன்னும் கூராக இருக்கின்றன. நூறு குண்டுகள் போனால் பெரும்பாலும் மழுங்கிவிடும். .490 குண்டுக்கு .015 அல்லது .018 அங்குலப் பருமனுள்ள தலையணையுறைத் துணி பொருத்தமாக இருக்கும். பெட்ரோலிய எண்ணெய் தடவாதீர்கள், குழலுக்குள் தார்போல் படியும். தேன்மெழுகும் கொழுப்பும் கலந்த பசையே நல்லது.

மூன்றாவது குற்றவாளி நீங்களாக இருக்கலாம். விசை இழுத்ததற்கும் குண்டு வெளியேறுவதற்கும் இடையே, நவீன ரைஃபிளைவிடச் சற்று நீண்ட ஒரு கணம் உண்டு. முகத்தருகே கிண்ணம் சுடரும்போது கண் இமைத்துத் தலை உயர்ந்தால் குண்டும் கூடவே உயரும். வெடிச்சத்தம் கேட்டபிறகும் ஒன்று, இரண்டு என்று எண்ணும்வரை இலக்கிலிருந்து பார்வையை எடுக்காதீர்கள். கண்ணாடி அணியுங்கள், பற்றுவாய் பக்கவாட்டில் நெருப்பு கக்கும் என்பதால் வலப்புறம் யாரையும் நிற்க விடாதீர்கள். கிண்ணம் மட்டும் எரிந்து குண்டு போகாவிட்டால் குழலை இலக்கை நோக்கியபடியே ஒரு நிமிடமாவது பிடித்திருங்கள்.

கேள்வி: இந்தியாவில் செய்த சக்கிமுக்கித் துப்பாக்கிகள் இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கலாமா?

பதில்: அவை பெரும்பாலும் பழைய இராணுவ மஸ்கட்டுகளின் நகல்கள். வரலாற்றுப் போர்க் காட்சிகளை நடித்துக் காட்டுவோருக்காகச் செய்யப்படுபவை. குழலுக்குள் திருகு வரி கிடையாது. அதனால் துல்லியத்தை எதிர்பார்க்கவே முடியாது. பலவற்றைப் பற்றுவாய் துளைக்காமலே, அலங்காரப் பொருள் என்ற பெயரில் ஏற்றுமதி செய்கிறார்கள். வாங்கியபின் யாரோ துளையிட்டு விற்கும் குழல் எந்த அழுத்தச் சோதனைக்கு உட்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் கூடத்துச் சுவரில் மாட்ட மட்டும் வாங்கலாம்.

கேள்வி: நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். வாங்கலாமா? திரும்பும்போது ஊருக்குக் கொண்டுபோகலாமா?

பதில்: 1968ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம், சக்கிமுக்கித் துப்பாக்கியையும் அதன் நகலையும் தொன்மை ஆயுதமாக வகைப்படுத்தி, துப்பாக்கி என்ற வரையறைக்கு வெளியே வைக்கிறது. எனினும் மாநிலங்கள் தத்தம் வழியில் செல்கின்றன. டெலவேர் ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சிக்குப் போனால், இதே ரைஃபிளை வாங்கக் காவல்துறை வழங்கும் அடையாள அட்டை வேண்டும். விசா சம்பந்தப்பட்டதால், பணம் கொடுப்பதற்கு முன் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். 1959ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டப்படி உரிமமின்றி எந்தத் துப்பாக்கியையும் இறக்குமதி செய்ய முடியாது. கருப்பு வெடிமருந்தை விமானத்தில் கைப்பையிலும் சரி, பெட்டியிலும் சரி, ஏற்ற மாட்டார்கள். புறப்படுவதற்குச் சில மாதங்கள் முன்பே சங்கத்தில் சொல்லிவைத்தால், லாக் நன்றாக உள்ள ரைஃபிளுக்கு வாங்குபவர் கிடைத்துவிடுவார்.