80 யூனிட்டுக்கு 865 ரூபாயா? கோடைக் கரண்ட் பில் கேள்விகள்

வெயில் ஏறியதும் வரும் கேள்விகள் எல்லாம் கரண்ட் பில்லையும் ஏசியையும் சுற்றியே இருக்கின்றன. கீழே உள்ள ரூபாய்க் கணக்குகள் தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் உயர்ந்த வீட்டு மின்கட்டணத்தை வைத்துப் போட்டவை.

கேள்வி (திருச்சி வாசகர்): போன கணக்கெடுப்பில் 480 யூனிட், 1,679 ரூபாய் கட்டினேன். இந்த முறை 560 யூனிட், 2,544 ரூபாய். 80 யூனிட் கூடியதற்கு 865 ரூபாயா? மீட்டரில் கோளாறா?

மீட்டரும் சரி, கணக்கும் சரி. நீங்கள் 500 என்ற கோட்டைத் தாண்டிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, அதற்கு மேல் 500 வரை 6.30. ஒரு யூனிட் தாண்டி 501 ஆனாலும், அந்த 2.35 ரூபாய்ச் சலுகை போய்விடும். 101-லிருந்தே 4.70 போடுவார்கள். அந்த மாற்றம் மட்டும் 235 ரூபாய். மீதிக் கணக்கு இப்படி: 480-லிருந்து 500 வரை 20 யூனிட்டுக்கு 126 ரூபாய், அதற்கு மேல் 60 யூனிட்டுக்கு 8.40 வீதம் 504 ரூபாய். எல்லாம் சேர்த்தால் நீங்கள் சொன்ன 865 சரியாக வருகிறது. கடைசி 80 யூனிட்டுக்கு யூனிட் ஒன்றுக்குப் பத்தே முக்கால் ரூபாய்க்கு மேல் கொடுத்திருக்கிறீர்கள்.

இதில் ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. பில்லைப் பாதியாக்க வேண்டியதில்லை, 60 யூனிட் குறைத்தாலே போதும். 500-க்குப் பில் 1,805 ரூபாய்தான். 60 யூனிட் குறைந்ததில் 739 ரூபாய் மிச்சம்.

அந்த 60 யூனிட் எங்கே கிடைக்கும்? முதலில் ஏசி. ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் ஏசியின் செலவு சுமார் 6 சதவீதம் குறையும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. அதனால்தான் 2020 ஜனவரியிலிருந்து விற்கும் ஏசிகள் போட்டவுடன் 24 டிகிரியில் நிற்க வேண்டும் என்று விதி வந்தது. நாம்தான் ரிமோட்டை எடுத்து 20-க்கு இறக்குகிறோம். இரண்டு மாதத்தில் உங்கள் ஏசி மட்டும் 300 யூனிட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20-லிருந்து 24-க்குப் போய், சீலிங் ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் 60 யூனிட்டுக்கும் மேலேயே குறையும்.

அடுத்தது ஃபேன். பழைய ஃபேன் 75 வாட், பி.எல்.டி.சி. என்ற கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் உள்ள ஃபேன் 30 முதல் 35 வாட். ஒரு ஃபேனில் 40 வாட் மிச்சம். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 36 யூனிட். அதிகம் ஓடுகிற ஃபேனை மட்டும் மாற்றுங்கள். விருந்தாளி வந்தால் மட்டும் சுற்றுகிற ஃபேனை மாற்றி ஒரு பயனும் இல்லை. அப்புறம் செட்டாப் பாக்ஸ். டிவியை அணைத்த பிறகும் அது விழித்தே இருக்கும். 10 வாட் இழுத்தால் இரண்டு மாதத்தில் 14 யூனிட். சுவிட்சையே அணைத்துவிடுங்கள்.

கணக்கெடுக்கும் நாளில் மீட்டரில் உள்ள எண்ணைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஒரு மாதம் கழித்துப் பார்க்கும்போது அந்த எண்ணிலிருந்து 250-க்கு மேல் கூடியிருந்தால் கையைப் பிடிக்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. பில் வந்த பிறகு பிடிக்க ஒன்றும் இல்லை.

கேள்வி (சேலம் வாசகி): பிளக்கில் செருகினால் கரண்ட் பில் 40 சதவீதம் குறையும் என்று ஒரு சின்னப் பெட்டியை 999 ரூபாய்க்கு விற்கிறார்கள். பச்சை விளக்கு எரிகிறது. வாங்கலாமா?

வாங்க வேண்டாம். உள்ளே பெரும்பாலும் ஒரு கெப்பாசிட்டரும் அந்தப் பச்சை விளக்கும்தான் இருக்கும். மோட்டார் நிறைய ஓடும் தொழிற்சாலையில் கெப்பாசிட்டருக்கு வேலை உண்டு. அங்கே பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கிற கரண்டில் எவ்வளவு உண்மையில் வேலைக்குப் போகிறது என்ற விகிதம், குறைந்தால் தனியாகப் பணம் பிடிப்பார்கள். வீட்டு மீட்டருக்கு அந்தக் கணக்கே கிடையாது. உண்மையில் செலவான யூனிட்டை மட்டும்தான் அது எண்ணும். பெட்டியை மாட்டினாலும் ஃபேனும் ஃபிரிட்ஜும் இழுக்கிற யூனிட் குறையப் போவதில்லை. விற்பவர் ஒரு கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் இறங்குவதைக் காட்டுவார். அது பொய்யில்லை, ஆனால் நீங்கள் காசு கொடுப்பது ஆம்பியருக்கு இல்லை.

ஏற்கெனவே வாங்கி ஏமாந்திருந்தால், பில்லையும் விளம்பரப் படத்தையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம்.

கேள்வி (மதுரை வாசகர்): வாடகை வீடு. ஒன்றரை டன் ஏசியை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டு ஓட்டுகிறோம். பிளக் லேசாகக் கறுத்திருக்கிறது. எம்.சி.பி. (கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) அடிக்கடி விழுகிறது. பெரிய எம்.சி.பி. போட்டால் சரியாகிவிடும் என்கிறார் எலக்ட்ரீஷியன். போடலாமா?

ஐயா, இதைப் படித்ததும் முதலில் அந்த ஏசியை நிறுத்திவிடுங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

கறுத்த பிளக் என்றால் அந்த இடம் சூடேறியிருக்கிறது. சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் 6 ஆம்பியருக்குச் செய்தது. ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது 7, 8 ஆம்பியர் இழுக்கும், அதுவும் ராத்திரி முழுக்க. உள்ளே இருக்கும் மெல்லிய தகடு சூடாகி, பிடி தளர்ந்து, தளர்ந்ததால் இன்னும் சூடாகும். தீ பிடிப்பது இப்படித்தான். அதுவும் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் நேரத்தில்.

எம்.சி.பி. விழுவது ஒரு எச்சரிக்கை. சுவருக்குள் ஓடும் வயர் எவ்வளவு தாங்குமோ அதைப் பார்த்துத்தான் எம்.சி.பி. அளவு வைப்பார்கள். வயரை மாற்றாமல் பெரிய எம்.சி.பி. போட்டால் அது விழாது, வயர் எரியும். அப்படிச் சொல்கிற எலக்ட்ரீஷியனை மாற்றுங்கள் என்பதுதான் என் யோசனை.

செய்ய வேண்டியது இது. மெயின் போர்டிலிருந்து ஏசிக்கென்று தனி லைன். 4 சதுர மி.மீ. செம்பு வயர், 20 ஆம்பியர் எம்.சி.பி., பவர் பிளக், சரியான எர்த். வயர் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் அதன் கீழே இருக்கும் சி.எம்./எல். எண்ணையும் பாருங்கள். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உரிமம் உண்மையா என்று தெரிந்துவிடும். வயரில் மீட்டருக்குப் பத்து ரூபாய் மிச்சம் பிடிப்பதைப் போல முட்டாள்தனம் வேறில்லை.

போர்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்றும் பாருங்கள். பலர் எம்.சி.பி. இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும். மனிதரைக் காப்பாற்றுவது 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஈரக் கையோடு ஃபிரிட்ஜைத் தொடும்போது கரண்ட் கசிந்தால் சட்டென்று துண்டித்துவிடும். அதில் ‘டி’ என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழ வேண்டும். விழவில்லை என்றால் அது போர்டில் வெறும் அலங்காரத்துக்கு இருக்கிறது என்று அர்த்தம், மாற்றிவிடுங்கள்.

வாடகை வீடு என்பதால் யார் செலவு என்ற கேள்வி வரும். வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் செய்தி போதும். பாதிப் பாதி என்று பேசி முடிப்பவர்கள் நிறையப் பேர். அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை என்றால், ஏசி இல்லாமல் இருங்கள் அல்லது வீட்டை மாற்றுங்கள். அந்த பாக்ஸில் மட்டும் திரும்பச் செருகாதீர்கள்.

கேள்வி (கோவை வாசகி): புது ஏசி வாங்குகிறோம். 3 ஸ்டாருக்கும் 5 ஸ்டாருக்கும் 8,000 ரூபாய் வித்தியாசம். 5 ஸ்டார்தான் லாபம் என்று கடையில் அடித்துச் சொல்கிறார்கள்.

யாருக்கு லாபம் என்பது நீங்கள் எத்தனை மணி நேரம் ஓட்டுவீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஸ்டார் லேபிளில் வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று ஓர் எண் இருக்கும். அது வருடத்துக்கு 1,600 மணி நேரம் ஓட்டினால் வரும் கணக்கு. உதாரணத்துக்கு 3 ஸ்டாரில் 1,000, 5 ஸ்டாரில் 770 என்று இருந்தால் வித்தியாசம் 230 யூனிட். உங்கள் ஊரில் ஏப்ரல், மே இரவுகளில் எட்டு மணி நேரம் மட்டும் போட்டால் 480 மணி நேரம்தான் ஆகிறது. மிச்சம் 69 யூனிட். யூனிட் 8.40 என்றாலும் வருடத்துக்கு 580 ரூபாய். 8,000 ரூபாயை எடுக்கப் பதினாலு வருடம் ஆகும், அதற்குள் ஏசியே போய்விடும். இதையே சென்னையில் வருடத்தில் 300 நாள் எட்டு மணி நேரம் ஓட்டும் வீட்டில் 345 யூனிட் மிச்சம். அங்கே 9 ரூபாய் வீதம் போட்டால்கூட மூன்று வருடத்துக்குள் போட்ட பணம் வந்துவிடும்.

ஸ்டாரின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். அளவுகோலை அவ்வப்போது இறுக்குகிறார்கள். பழைய லேபிளின் 5 ஸ்டார் புதிய கணக்கில் 4 ஆகிவிடலாம். கடையில் தள்ளுபடியில் கிடப்பது அப்படிப்பட்டதாக இருக்கலாம். லேபிளில் எந்த ஆண்டுக் காலத்துக்கு என்று போட்டிருக்கும். அதையும், செலவாகும் கரண்டுக்கு ஏசி எவ்வளவு குளிர் தருகிறது என்று சொல்லும் ஐ.எஸ்.இ.இ.ஆர். எண்ணையும் ஒப்பிடுங்கள். அந்த எண் கூடக் கூட நல்லது.

கேள்வி (தாம்பரம் வாசகர்): ஒவ்வொரு கோடையிலும் சர்வீஸுக்கு வருபவர் ‘கேஸ் குறைஞ்சிருக்கு’ என்று சொல்லி இரண்டாயிரம், மூவாயிரம் வாங்கிவிடுகிறார். வருடா வருடம் கேஸ் தீருமா?

தீராது. ஏசி கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. எரிந்து தீர்வது சமையல் கேஸ். இது குறைந்தால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது, அல்லது குறையவே இல்லை. இரண்டில் எதுவானாலும் வெறுமனே நிரப்புவது வேலையில்லை. அடுத்த முறை அவர் சொன்னதும், “கசிவு எங்கே என்று காட்டுங்கள், நைட்ரஜன் அடித்துச் சோதியுங்கள், அடைத்த பிறகு நிரப்பலாம்” என்று சொல்லுங்கள். பாதிப் பேர் அத்தோடு ஃபில்டரைக் கழுவிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். குளிர் குறைந்ததற்குப் பெரும்பாலும் அந்த அழுக்கு ஃபில்டரே காரணம். அதை நீங்களே குழாயடியில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவலாம்.

இன்னொன்று. இப்போது வரும் ஏசிகள் பலவற்றில் இருக்கும் ஆர்-32 வாயு தீப்பற்றக்கூடியது. பூட்டிய அறையில் அனுபவமில்லாதவர் குழாயைப் பற்றவைக்க உட்கார்ந்தால் அனுமதிக்காதீர்கள். கதவு, ஜன்னல் திறந்திருக்கட்டும்.

கேள்வி (நாகப்பட்டினம் வாசகர்): ஏசிக்குப் பதில் ஏர்கூலர் வாங்கலாமா?

உங்கள் ஊருக்கு வேண்டாம். தண்ணீர் ஆவியாகும்போதுதான் கூலர் குளிரும். கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் இருப்பதால் அங்கே புழுக்கம்தான் கூடும். வேலூர், திருச்சி, மதுரை வறண்ட வெயிலுக்கு நன்றாக எடுபடும், 200 வாட்டுக்குள் வேலை முடிந்துவிடும். அங்கேயும் ஜன்னலைத் திறந்து வைத்தால்தான் பயன். வாங்குகிறவர்கள் தகரக் கூலரைத் தவிர்த்து பிளாஸ்டிக் உடம்பு உள்ளதாகப் பாருங்கள். எதுவானாலும் தண்ணீர் ஊற்றும் முன் சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.